பெயர் சொன்னால் திரும்புவது

ஜூன் 5, திங்கள்

இன்று பதினொரு குழந்தைகள். இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. விரிப்புகள் ஏழு துவைத்தேன். நல்ல வெயில், மூன்று மணிக்குள் காய்ந்துவிட்டன.

காப்பகத்தை நடத்தும் சுமித்ரா மேடம் என்னையும் என்னோடு வேலை பார்க்கும் ரோஸ்லினையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கட்டு காகிதம் கொடுத்தார். இனிமேல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு சார்ட் நிரப்ப வேண்டும். உட்காருவது, தவழ்வது, பிடித்து நிற்பது, நடப்பது, டாட்டா காட்டுவது, விரல் நீட்டிக் கேட்பது, பெயர் சொன்னால் திரும்புவது, ஒரு சொல், மூன்று சொல். செய்தால் டிக். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாக்கள் இதையெல்லாம் கேட்கிறார்களாம்.

"ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முதல் அடியோ முதல் வார்த்தையோ இங்க நடந்தா வாயத் திறக்கக் கூடாது. அவங்க வீட்டுல என்னிக்குப் பாக்குறாங்களோ அன்னிக்குத்தான் அது முதல் தடவை. அதுக்கப்புறம் டிக் போட்டாப் போதும்" என்றார்.

ரோஸ்லின் சிரித்தாள். நான் தலையாட்டினேன். சார்ட்டில் போடக் கூடாதவற்றை எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

நிலவன் நடந்தான். காலை பதினொன்றரை மணி. செருப்பு வைக்கும் அலமாரியைப் பிடித்து நின்றவன் கையை விட்டுவிட்டு என்னை நோக்கி நாலு அடி வைத்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். அவனுக்கு ஒரு வயதும் ஒரு மாதமும் ஆகிறது.

டயப்பர் மாற்றினேன். சார்ட்டில் "பிடித்து நிற்கிறான்" என்ற இடத்தில் டிக் போட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

ஹாஸ்டலில் பத்து மணிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. பாதித் துணி சோப்போடு இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

நிலவனின் அம்மா மேகலா மேடம் கேட்டுக்குள் நுழையும்போதே போனை நீட்டிக்கொண்டு வந்தார். "அக்கா! நேத்து சாயங்காலம் நடந்துட்டான்! சோபாவுலேர்ந்து என்கிட்ட வந்தான். முதல் அடி! அவங்கப்பா பெங்களூர்ல இருக்காரா, நல்லவேளை நான் வீடியோ எடுத்துட்டேன்."

வீடியோவில் நிலவன் ஒன்பது அடி வைத்தான்.

"அப்படியா மேடம்!" என்றேன். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது கஞ்சி அடுப்பில் இருந்தது.

ஜூன் 28, புதன்

நிலவன் சொல்பவை: அம்மா. தண்ணிக்குத் தத்தி. காக்கா. விளக்கைப் பார்த்தால் லை. நாலு சொல். இந்த வயதுக்கு நல்ல கணக்கு.

ஜூலை 7, வெள்ளி

பாட்டில்கள் கொதிக்க வைத்தேன். பூஜா என்ற குழந்தைக்குப் பல் முளைக்கிறது, என் தோளைக் கடித்துவிட்டாள்.

குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ரோஸ்லின் கேட்டாள். அவள் செம்மஞ்சேரிப் பெண், எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள். "செம்பாக்கா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு."

"கொயந்தை?"

"அங்க பாரு, விகாஸ் முழிச்சுட்டான். தட்டிக் கொடு."

விகாஸ் முழிக்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

போன் வந்தது. இரண்டு தடவை. தலைக்குக் குளித்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நிலவன் தத்தி என்று சொல்லிப் பத்து நாளுக்கு மேல் இருக்கும். தண்ணீர் வேண்டுமானால் அழுகிறான். சளி பிடித்திருக்கிறது, அதனால் இருக்கலாம். பல்லாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தது. மற்ற குழந்தைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். நிலவன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். "நிலவா, காக்கா" என்றேன்.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. அச்சில் எண்ணெய் போட்டது போல.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

அவன் பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டேன். எல்லோருக்கும் முன்னால் அவன்தான் திரும்பினான். காது கேட்கிறது.

பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஏழு தடவை. மெதுவாக, சத்தமாக, பாட்டு மாதிரி. கடைசித் தடவை முன்னால் போய் உட்கார்ந்து கூப்பிட்டேன். என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

"ஏன்க்கா அவன் பேரையே ஏலம் போட்டுனு கீற?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

தரையில் இருந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

சார்ட் நிரப்பும் நாள். பதினொரு சார்ட். நிலவனுக்கு மூன்று கட்டங்களைக் காலியாக விட்டேன். விரல் நீட்டிக் கேட்பது. பெயர் சொன்னால் திரும்புவது. மூன்று சொல்.

செப்டம்பர் 4, திங்கள்

மேகலா மேடத்திடம் கொடுக்கும் கவரில் நிலவனின் சார்ட்டைப் பார்த்தேன். காலியாக விட்ட மூன்றிலும் டிக் இருந்தது. நான் கருப்பு மையில் எழுதுவேன். இவை நீலம்.

சுமித்ரா மேடத்திடம் கேட்டேன்.

"செண்பகவல்லி, நாம டாக்டர் கிடையாது. காலியா விட்டா அவங்க பயப்படுவாங்க. பயந்தா வேற இடம் பாப்பாங்க. ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசும். என் பையன் மூணு வயசுலதான் பேசினான், இப்போ கனடாவுல இருக்கான்."

"போன மாசம் பேசினான் மேடம். இப்போ பேசல."

"மறந்திருப்பான். வரும்."

சரி மேடம் என்றேன். குளியலறை கழுவினேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போன். மூன்று தடவை. மூன்றாவது தடவை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவாக நின்றது.

செப்டம்பர் 26, செவ்வாய்

மேகலா மேடம் ஏழு மணிக்கு வந்தார். மழை, சாலை முழுக்க வண்டிகளாம். ஒரு மாதத்துக்கு முன்பு வரை அவர் குரல் கேட்டாலே நிலவன் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்குப் போவான். இன்று பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அவரே உள்ளே வந்து தூக்கினார். அவன் மூடிகளைப் பார்த்தே கையை நீட்டி அழுதான்.

"அம்மா மேல கோவமாடா? டெய்லி லேட்டா வர்றேன்னு கோவமா?" என்றார் அவனிடம். பிறகு என்னிடம், "ப்ராஜெக்ட் முடிஞ்சுட்டா சீக்கிரம் வந்துடுவேன்க்கா. அதான் இவன் என்கிட்ட மூஞ்சி கொடுக்க மாட்டேங்குறான், இல்ல?"

"ஆமா மேடம். அதாத்தான் இருக்கும்."

அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

நேற்று லீவு. ஹாஸ்டல் அறையில் மற்ற இரண்டு பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன். கோவில்பட்டியில் இருக்கும் வீடு. அந்தப் பெண் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டினாள். புருஷனுக்கு மில்லில் வேலை. ஒரே பையன். பத்து மாதத்திலேயே நடந்துவிட்டான். ஒன்றரை வயதில் அப்பா, ஆட்டோ, மாமு என்று ஆறேழு சொல் சொன்னான். பிறகு ஒவ்வொன்றாக நின்றது. ஒரே நாளில் நின்றிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வாரம் மாமு இல்லை. அடுத்த மாதம் ஆட்டோ இல்லை.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும். போனால் அவர் ஏதாவது ஒரு பெயர் சொல்வார். மாமியார் ஆம்பளப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள். அவள் ஆமா அத்தே என்றாள். யார் என்ன சொன்னாலும் ஆமா என்றாள். இரண்டரை வருஷம் அப்படிப் போனது. புருஷன்தான் கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனார். "இவ்வளவு நாளா யாருமே கவனிக்கலயா?" என்று டாக்டர் கேட்டார். புருஷன் அவளைப் பார்த்தார். அவள் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தப் பெண் வேலைக்கு என்று வெளியூர் போய்விட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாளைக்கு மெத்தை உறை எல்லாம் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஆறேகால் மணிக்கு மேகலா மேடம் வந்தார். சுமித்ரா மேடம் வங்கிக்குப் போயிருந்தார். நிலவனின் பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், ஒரு நிமிஷம். நிலவன் பேரு சொன்னாத் திரும்ப மாட்டேங்குறான்."

அவருக்குப் புரியவில்லை. "காதுல ஏதாவது சீழ் வருதா?"

"காது நல்லாக் கேக்குது. கூப்பிட்டாத்தான் திரும்பல. ஜூன் மாசம் நாலு வார்த்தை சொன்னான். இப்போ ஒண்ணும் சொல்றதில்ல. எதையும் கைநீட்டிக் காட்ட மாட்டேங்குறான். ரெண்டு மாசமாப் பாக்குறேன்."

"ஷீட்ல எல்லாத்துக்கும் டிக் இருக்கே? வீட்டுல ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்."

"நீல மையில இருக்கறது நான் போட்டது இல்ல மேடம்."

அவர் முகம் மாறியது. நிலவனை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "என்ன சொல்றீங்க? என் பையனுக்கு என்ன? நல்லா ஓடுறான், நல்லாச் சாப்பிடுறான். வீட்டுல விளம்பரப் பாட்டுக் கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வர்றான். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒரு பையன் இருக்கான்."

சென்னைக்கு வந்து மூன்று வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. "ஏழு வயசு. பேச மாட்டான். எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். நான் சொல்லல. நாலு வயசுல போய்க் காட்டுனோம். இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்னு சொன்னாங்க. உங்க பையனுக்கு அதுதான்னு நான் சொல்லல. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம். ஆனா காட்டுங்க. இந்த வாரமே காட்டுங்க."

ரோஸ்லின் கதவருகில் நின்றிருந்தாள். கையில் ஒரு குழந்தை.

மேகலா மேடம் என் கையிலிருந்து பையைப் பிடுங்கினார். பால் பாட்டில் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்காமல் போய்விட்டார்.

பாட்டிலைக் கழுவி, கொதிக்க வைத்து, பெயர் எழுதிய இடத்தில் வைத்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

நிலவன் வரவில்லை. பத்து மணிக்கு சுமித்ரா மேடம் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அது கஷ்டமாக இருந்தது.

"ஒரு அம்மாவோட தூக்கத்தக் கெடுத்துட்டீங்க. நாளைக்கு எல்லா அம்மாவும் என் குழந்தைக்கு என்னன்னு வந்து நிப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"சரி மேடம்."

"இன்னிக்கே கிளம்பிடுங்க."

காய்ந்த விரிப்புகளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். ரோஸ்லின் தெருமுனை வரைக்கும் வந்தாள். "பையன் பேரு என்னாக்கா?" என்றாள். கதிரேசன் என்றேன். "நல்லாக்கீது" என்றாள்.

அக்டோபர் 16, திங்கள்

படுத்திருந்தேன்.

அக்டோபர் 18, புதன்

நாவலூரில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். போகவில்லை. நகம் வெட்டினேன்.

அக்டோபர் 28, சனி

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். மேகலா மேடம். ரோஸ்லினிடம் நம்பர் வாங்கினாராம்.

குரலில் ஒன்றும் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசினார். டாக்டரிடம் காட்டியாயிற்று. இன்னும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்களாம். ஆனால் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் பயிற்சி உடனே தொடங்கச் சொன்னார்கள். வாரம் மூன்று நாள். மேடம் ஆபீசில் நீண்ட விடுப்புக் கேட்டிருக்கிறார்.

"சீக்கிரமே வந்துட்டீங்க, அது நல்லதுன்னு டாக்டர் சொன்னார். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு அவங்கப்பா சொல்றார். என்னால முடியல அக்கா. அந்த கேட் வாசல், நீங்க பைய வச்சுக்கிட்டு நின்னது, அதான் கண்ணுல நிக்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல மேடம்."

"ஒரு ஃபார்ம் நிரப்பணும். அவன் என்னென்ன எப்போ செஞ்சான்னு சரியான தேதி கேட்டிருக்காங்க. எனக்கு எந்த வார்த்தை எப்போ நின்னதுன்னு தெரியல. நான் பகல்ல அவன்கூட இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

இந்த நோட்டை எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். காக்கா, லை, தத்தி. அவர் எழுதிக்கொண்டார்.

"நடந்தது எனக்குத் தெரியும். ஜூன் பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை" என்றார்.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அப்படியே விட்டிருக்கலாம். இரண்டு நாள் வித்தியாசத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

"அக்கா?"

"ஒன்பது மேடம். வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணி. நாலு அடி வச்சான்."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"யாரப் பாத்து வந்தான்?"

"என்னைப் பாத்துத்தான்."

"சிரிச்சானா?"

"உக்காந்துட்டான் மேடம். யார் பாத்தாங்கன்னு சுத்திப் பாத்தான்."

"சுத்திப் பாத்தானா" என்றார். அதை எழுதினாரா என்று தெரியவில்லை. பிறகு, "உங்க பையன் எப்போ நடந்தான்?" என்று கேட்டார்.

"பத்து மாசம் பதினெட்டு நாள்ல."

"இப்போ எப்படி இருக்கான்? என்னென்ன செய்றான்? எனக்குத் தெரிஞ்சுக்கணும் அக்கா. ஏழு வயசுல என்ன செய்வாங்கன்னு. அதுக்காகவும்தான் போன் பண்ணேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. சார்ஜ் தீரப்போகிறது மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எண்பத்திரண்டு சதவீதம் இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. எடுத்தேன்.

அந்தப் பக்கம் கதிரேசனின் அப்பா. மூன்று வருஷமாகப் போன் அடித்தே பழகிவிட்டதால், எடுத்தால் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை போலிருக்கிறது.

"எடுத்துட்டியா?" என்றார்.

"ம்."

"நல்லாருக்கியா?"

"கதிரேசன் என்ன செய்யுதான்?"

"இப்பமா?" திரும்பிப் பார்த்திருப்பார். "தட்டுல உள்ள சோத்தையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு அப்பளத்த மட்டும் தின்னுக்கிட்டு இருக்கான்."

"பேசுதானா?"

"இல்ல."

"என்னையத் தேடுதானா?"

"தெரியல செம்பகம். தேடுனா அவன் எப்படித் தேடுவான்னு எனக்குத் தெரியல. முதல்ல ஒரு மாசம் ஒம் பச்சைச் சேலைய விரிச்சு அதுல படுத்துக் கெடந்தான். பெறகு அத விட்டுட்டான். அதச் சொல்லத்தான் அப்பம் போன் போட்டேன். நீ எடுக்கல. பெறகு வாராவாரம் ஏதாவது ஒண்ணு சொல்ல இருந்துச்சு."

என்ன என்ன என்று கேட்டேன். சொன்னார். சட்டை பித்தான் போடக் கற்றது. பல் விழுந்தது. ஸ்பெஷல் ஸ்கூல் வேனில் தானாக ஏறுவது. ஒரு தடவை காணாமல் போய் ரயில்வே கேட் பக்கம் கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வா என்று மட்டும் சொல்லவில்லை.

நவம்பர் 4, சனி

கோவில்பட்டி. காலையில் வந்து இறங்கினேன்.

கதவு திறந்திருந்தது. அவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருக்கிறது. "வந்துட்டியா. காப்பி இருக்கு" என்றார். அவர் தங்கச்சிதான் பகலில் பையனைப் பார்த்துக்கொள்கிறாள், இன்று அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

கதிரேசன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வளர்ந்துவிட்டான். காது என் அப்பா காது மாதிரி இருக்கிறது, முன்னால் கவனித்ததில்லை. நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். அவன் நகரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் அப்படியே இருந்தோம். அவன் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை.

ஒன்றரை மணிக்கு அவர் மில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டு மணி ஷிப்டு. லீவு கேட்டுப் பாத்தேன், கெடைக்கல. தங்கச்சிய வரச் சொல்லவா?"

"வேண்டாம். நான் இருக்கேன்."

"இருப்பேல்லா?"

"இருப்பேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார்.

மூன்று மணி இருக்கும். கதிரேசன் படியிலிருந்து இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கை சூடாக இருந்தது. இழுத்துக்கொண்டு போனான். பின்கதவுக்குப் போய், என் கையைத் தூக்கித் தாழ்ப்பாளில் வைத்தான். அது அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ரயில்வே கேட் பக்கம் கிடைத்த பிறகு மாற்றியிருப்பார்கள்.

திறக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே அவனுக்கு என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. அவன் மறுபடி என் விரல்களைத் தாழ்ப்பாளில் அழுத்தினான். இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு திறந்தேன்.

ஓடவில்லை. சுவரோரமாகப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு ஏறும் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் குந்தி, அதில் காதை வைத்தான். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டை அவன் விடவில்லை. கீழே இழுத்தான். நானும் குந்தி, குழாயில் காதை வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மோட்டாரை நிறுத்தினார்கள். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்ற பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.